கில்டு தொடங்குவதும் ஆள் சேர்ப்பதும்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

"எங்க கிளான்ல அம்பது பேரு கீறாங்கப்பா" என்று சொல்பவரிடம், போன வாரில், அதாவது இன்னொரு கிளானோடு நடந்த போரில், எத்தனை பேர் அட்டாக் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஏழு, எட்டு என்றுதான் பதில் வரும். மீதிப் பேர் பட்டியலில் பெயராக மட்டும் இருப்பார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம், காட்பாடி விடுதிகளிலும் குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை வீடுகளிலும் ஆன்லைனில் விளையாடுகிறவர்கள் ஏராளம். கில்டு தொடங்க ஆசைப்படுகிறவர்களும் அவர்களில் நிறைய. ஆனால் "ஆள் சேர்த்தால் போதும், கில்டு தானாக ஓடும்" என்ற நினைப்புதான் எங்கும் இருக்கிறது. பெரும்பாலான கில்டுகள் சில வாரங்களில் கலைந்துபோக அந்த நினைப்பே காரணம்.

கில்டு என்றால் என்ன?

ஒரே விளையாட்டைச் சேர்ந்து ஆடுவதற்காக, விளையாட்டுக்குள்ளேயே ஒரு பெயரில் பதிவாகும் நிலையான குழுதான் கில்டு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் இதைக் கிளான் என்பார்கள், ஈவ் ஆன்லைனில் கார்ப்பரேஷன் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். அந்த நேரத்துக்குக் கிடைத்தவர்களோடு ஆடுவதை விட்டு, தெரிந்தவர்களோடு திட்டமிட்டு ஆடுவது.

இதைப் புரிந்துகொள்ள நம் தெருவில் ஓடும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை ஒரு லட்சம். ஐந்தாம் மாதம் சீட்டு எடுத்தவர் ஆறாம் மாதம் பணம் கட்டாமல் நின்றுவிட்டால், பதினெட்டாம் மாதத்துக்காகக் காத்திருப்பவரின் பணம்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருவரைச் சேர்க்கும்போது அவருக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று பார்க்கமாட்டார். கடைசி மாதம் வரை தவணை கட்டுவாரா என்றுதான் பார்ப்பார். கில்டிலும் தவணை உண்டு, அது நேரம். புதன் இரவு ஒன்பதரைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சேர்ந்தவர் வராவிட்டால், வந்து உட்கார்ந்திருக்கும் மற்றவர்களின் இரவு வீணாகிறது.

விளையாட்டு ஏன் குழுவைக் கேட்கிறது?

பெரிய விளையாட்டுகளில் சில பகுதிகளைத் தனி ஆளாக முடிக்கவே முடியாது. வேல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வந்தபோது அதன் பெரிய ரெய்டுகளுக்கு நாற்பது பேர் வரை போகலாம். ரெய்டு என்றால் பலம் மிகுந்த எதிரிகளைப் பலர் சேர்ந்து வீழ்த்தும் நீண்ட ஆட்டம். இன்று அதே விளையாட்டின் மிகக் கடினமான நிலைக்குச் சரியாக இருபது பேர் வேண்டும். பதினெட்டு பேர் வந்தால் ஆட்டத்தை நடத்துவதே சிரமம். இருபத்திரண்டு பேர் வந்தால் இரண்டு பேர் வெளியே உட்கார வேண்டும்.

இருபது பேரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர் டேங்க். அடிபட்டவர்களின் உயிரை ஏற்றுபவர் ஹீலர். அடித்து வீழ்த்துபவர்கள் டேமேஜ். இந்தப் பங்குக்கு ரோல் என்று பெயர். பதினெட்டு டேமேஜ் வந்து ஹீலர் ஒருவரும் வராவிட்டால் அந்த இரவு ஆட்டம் இல்லை.

கைப்பேசி விளையாட்டுகளில் இது சற்று வேறு. பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் ஒரு ஸ்குவாடுக்கு நான்கு பேர். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. போர் நாள் 24 மணி நேரம், அதற்குள் ஒவ்வொருவரும் தன் இரண்டு அட்டாக்கைப் போட்டால் போதும். பதினைந்துக்குப் பதினைந்து வார் என்றால் முப்பது அட்டாக். அதில் எட்டு போடாமல் விடப்பட்டால், மீதி இருபத்திரண்டும் நன்றாகப் போயிருந்தாலும் தோல்விக்கு வாய்ப்பு அதிகம்.

இதுவரை பார்த்தது: கில்டு ஒரு நேர ஒப்பந்தம். எத்தனை பேர், எந்த ரோல், எந்த நேரம் என்ற மூன்றும் ஒன்றுசேரும் இரவுகளில்தான் அது உயிரோடு இருக்கிறது.

நான்கு பேர் ஆட எத்தனை பேர் தேவை?

இந்தக் கணக்கைப் பெரும்பாலானவர்கள் போடுவதே இல்லை. கில்டு நிற்பதும் விழுவதும் இதில்தான், அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

நல்ல மனதோடு சேர்ந்தவர்கூட எல்லா நாளும் வரமாட்டார். வீட்டில் விருந்தாளி, ஷிஃப்ட் மாற்றம், காய்ச்சல், நெட் பிரச்சினை என்று ஏதாவது இருக்கும். பத்து நாளில் ஏழு நாள் வருவார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்குவாடில் நான்கே பேர் இருந்தால், நான்கு பேரும் ஒரே இரவில் வரும் வாய்ப்பு 0.7ஐ நான்கு முறை பெருக்கி வருவது, அதாவது 0.24. நான்கு இரவில் மூன்று இரவு ஆள் குறையும்! அதே ஸ்குவாடுக்கு ஏழு பேரை வைத்திருந்தால், பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது இரவு நான்கு பேராவது வந்துவிடுவார்கள்.

பத்துப் பேர் தேவைப்படும் ஆட்டத்துக்குப் பதினான்கு பேரைச் சேர்த்தால் போதும் என்று தோன்றும், ஏனென்றால் பதினான்கில் எழுபது சதவீதம் ஏறக்குறைய பத்து. ஆனால் அது சராசரிதான். பத்தில் ஆறு இரவுதான் ஆட்டம் நடக்கும். பதினேழு பேர் இருந்தால் பத்தில் ஒன்பது இரவு நடக்கும். கிளாஷில் ஒரு முழு நாள் அவகாசம் இருப்பதால் வருகை இதைவிடக் கூடும். பதினைந்து பேர் வாருக்கு இருபது, இருபத்திரண்டு உண்மையான ஆட்கள் போதும், ஐம்பதை நிரப்பத் தேவையில்லை.

இப்படி அந்த இரவு தேவைக்கு மேல் வந்து காத்திருப்பவர்களைப் பெஞ்ச் என்பார்கள். பெஞ்ச் பெரிதானால் வேறு ஆபத்து. வந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் மூன்றாவது வாரம் வேறு கில்டுக்குப் போய்விடுவார், பெரும்பாலும் நல்ல ஆட்டக்காரரே போவார். அதனால் இன்று உட்கார்ந்தவருக்கு அடுத்த ஆட்டத்தில் முதல் இடம் என்று முறை வைத்து, அதை எழுதியும் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் செல்லும். ஒருவர் வராததும் இன்னொருவர் வராததும் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். பதினேழு பேரும் விஐடி மாணவர்கள் என்றால் கேட் (CAT) என்ற இடைத்தேர்வு வாரத்தில் பதினேழு பேரும் ஒன்றாகக் காணாமல் போவார்கள், ஃபேட் (FAT) என்ற இறுதித் தேர்வு முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். எல்லாரும் ஒரே ஷூ தொழிற்சாலையில் வேலை என்றால் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் எல்லாருக்கும் ஓவர்டைம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாளில் குடியாத்தம் ஆட்களை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கல்லூரியில் சிலர், வேலைக்குப் போகிறவர்கள் சிலர், வெளியூர்க்காரர்கள் சிலர் என்று கலந்து சேர்ப்பது நல்லது.

தொடங்கும் முறை

முதலில் கில்டைப் பதிவு செய்யாதீர்கள். ஒரே நேரம் ஒத்துவரும் மூன்று பேரைக் கண்டுபிடியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் என்று குறித்து, இரண்டு வாரம் பெயரே இல்லாமல் ஆடிப் பாருங்கள். அந்த நான்கு இரவில் மூன்றிலாவது எல்லாரும் கூடினால் உங்களிடம் ஒரு கரு இருக்கிறது. கூடாவிட்டால் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

நேரம் குறிக்கும்போது ஊரின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிறு இரவு பலருக்கு ஒத்துவரும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் நண்பர்கள் இருந்தால் ரமலான் மாதத்தில் இஃப்தாரும் தராவீஹ் தொழுகையும் முடிந்த பிறகே ஆட்டம், அந்த ஒரு மாதம் பத்தரைக்கு மாற்றலாம். மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்ப்பவரிடம் நிலையான கிழமையைக் கேட்காதீர்கள், ரோஸ்டர் வந்ததும் தேதி சொல்லச் சொல்லுங்கள். பிஜிஎம்ஐ 2023இல் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பள்ளி மாணவர் பகலிலேயே அதைத் தீர்த்துவிட்டால் இரவு உங்களோடு ஆட முடியாது.

கிளாஷ் வாரில் நேரக் கணக்கு இன்னும் நுட்பம். தேடலை அழுத்தி எதிரி கிடைத்ததும் 23 மணி நேரம் தயாரிப்பு, பிறகு 24 மணி நேரம் போர், ஆக 47 மணி நேரம். கடைசி நேரத்தில் மீதி அட்டாக்குகளைச் சேர்ந்து போட, போர் ஞாயிறு இரவு 11 மணிக்கு முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு அழுத்த வேண்டும். ஞாயிறு காலை தோன்றியபோது அழுத்தினால் போர் செவ்வாய் காலையில் முடியும், எல்லாரும் வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்பும் நேரத்தில்.

கரு உறுதியான பிறகு பதிவு. கிளாஷில் கிளான் தொடங்க 40,000 கோல்டு ஆகும். வேல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 10 வெள்ளிக்கு ஒரு சாசனம் வாங்கி மற்ற நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பழைய வடிவத்தில் ஒன்பது கையெழுத்து. பெயரைப் பின்னால் மாற்றுவது பல விளையாட்டுகளில் எளிதல்ல, அதனால் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். சாதிப் பெயரும் கட்சிப் பெயரும் வேண்டவே வேண்டாம். நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

கிளானில் சேரும் முறைக்கு மூன்று அமைப்பு உண்டு: யாரும் சேரலாம், அனுமதி பெற்றுச் சேரலாம், மூடியது. நடுவில் இருப்பதை வையுங்கள். யாரும் சேரலாம் என்று வைத்தால் படை நன்கொடையை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் வரிசையாக வருவார்கள்.

ஆள் சேர்க்கும் அறிவிப்பு

"ஆக்டிவ் பிளேயர்ஸ் வேண்டும், வாங்க" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாரும் தன்னை ஆக்டிவ் என்றுதான் நினைக்கிறார்கள். அறிவிப்பின் வேலை, பொருந்தாதவர் தானாகவே விலகிக்கொள்ளச் செய்வது. இப்படி எழுதலாம்:

"கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், டவுன்ஹால் 13க்கு மேல். வாரம் ஒரு வார், சனி இரவு 11 முதல் ஞாயிறு இரவு 11 வரை. இரண்டு அட்டாக்கும் போட வேண்டும். முடியாத வாரம் முன்பே சிவப்பில் வைத்துவிடுங்கள், யாரும் கேட்கமாட்டோம். தமிழில் பேசுவோம், உருது, தெலுங்கு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மைக் கட்டாயமில்லை. கெட்ட வார்த்தை கூடாது. இப்போது ஐந்து பேர் தேவை. இரண்டு வாரம் ட்ரையல்."

இதில் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. நேரம் முதலில் வருகிறது, ஏனென்றால் திறமையைக் கற்றுக்கொடுக்கலாம், ஒருவரின் ஷிஃப்டை நம்மால் மாற்ற முடியாது. டவுன்ஹால் எண் என்பது கிளாஷில் ஒருவர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று காட்டும் படி. சிவப்பு என்பது வாரில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று அதில் வைக்கும் குறி. வராததைக் குற்றமாக்காமல், சொல்லாமல் வராததை மட்டும் குற்றமாக்குவது நல்ல கில்டின் அடையாளம். மொழி சொல்வது இந்தப் பகுதிக்கு அவசியம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதாலும், உருது பேசும் ஊர்கள் பல இருப்பதாலும், ஆட்டத்தின் நடுவே யார் எந்த மொழியில் கத்துவது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மைக் கட்டாயமில்லை என்ற வரி பெண் ஆட்டக்காரர்களுக்காக. குரல் கேட்டதும் தொல்லை தொடங்கும் இடங்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். குரலையோ புகைப்படத்தையோ கேட்டு நிரூபிக்கச் சொல்லும் கில்டில் அவர்கள் நிற்கமாட்டார்கள், நிற்கவும் கூடாது.

எங்கே தேடுவது? எந்த விளம்பரத்தையும்விட ஆட்டம் முடிந்த அந்த நிமிடம் மதிப்புள்ளது. தெரியாதவர்களோடு ஆடியபோது தோற்கும் நிலையிலும் கத்தாமல், வரைபடத்தில் குறி வைத்து உதவிய ஒருவரைப் பார்த்தால் உடனே நட்பு அழைப்பு அனுப்புங்கள். அவர் எப்படி ஆடுவார், எப்படிப் பழகுவார், எந்த நேரத்தில் விழித்திருப்பார் என்ற மூன்றும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புவது இதற்கு நேர் எதிர். நூறு அழைப்பில் முப்பது பேர் வருவார்கள், யாருக்கும் யாரையும் தெரியாது, அடுத்த வாரமே அமைதியாகிவிடும்.

ட்ரையல் என்பது இரு தரப்பும் பார்த்துக்கொள்ளும் காலம். குறித்த நாட்களில் வந்தாரா, வராத நாளில் சொன்னாரா, தோற்ற பிறகு எப்படிப் பேசினார் என்று கவனியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ஜெயித்த இரவில் எல்லாரும் நல்லவர்கள்.

சுருக்கமாக: கரு முதலில், பதிவு பிறகு. அறிவிப்பில் நேரமும் விதியும் தெளிவாக. வந்தவரை இரண்டு வாரம் பார்த்த பிறகே முழு உறுப்பினர்.

பதவியும் அதிகாரமும்

கில்டில் ஒவ்வொரு பதவிக்கும் விளையாட்டு சில அதிகாரங்களைத் தருகிறது. கிளாஷில் லீடர், கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று நான்கு படி. கோ-லீடர் வார் தொடங்கலாம், எல்டரையும் மெம்பரையும் வெளியேற்றலாம். லீடரை வெளியேற்ற முடியாது. "அண்ணா, கோ குடுங்கணா" என்று சேர்ந்த மறுநாளே கேட்பவர்கள் உண்டு. மரியாதைக்காகக் கொடுத்தால், கோபம் வந்த ஓர் இரவில் அவர் நாற்பது பேரை வெளியேற்றிவிட்டுப் போகலாம். திரும்பச் சேர்க்கும் வேலை உங்களுக்கு.

இதன் பெரிய உதாரணம் ஈவ் ஆன்லைனில் 2009 பிப்ரவரியில் நடந்தது. பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மிகப் பலம் வாய்ந்த கூட்டணியின் நிர்வாகி ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தன் கையிலிருந்த அதிகாரத்தாலேயே கூட்டணியைக் கலைத்துவிட்டார். போரில் வீழ்த்த முடியாததை ஒரு பெர்மிஷன் வீழ்த்தியது. அதனால் பதவி என்பதை வேலையோடு மட்டும் கொடுங்கள். வார் தொடங்கும் வேலை யாருக்கோ அவருக்கு அந்த அதிகாரம். பாராட்ட விரும்பினால் எல்டர் போதும். கோ-லீடர் இரண்டு, மூன்று பேருக்கு மேல் தேவையில்லை, ஆனால் ஒருவராவது வேண்டும். லீடருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் கில்டு நிற்கக் கூடாது.

வெற்றியில் கிடைத்ததை யாருக்குக் கொடுப்பது?

ரெய்டு விளையாட்டுகளில் எதிரி விழுந்ததும் கிடைக்கும் ஆயுதமும் கவசமும் லூட். இருபது பேர் உழைப்புக்கு நாலைந்து பொருள்தான் கிடைக்கும். 1999இல் எவர்குவெஸ்ட் விளையாட்டுக் குழுவினர் இதற்கு டிகேபி என்ற புள்ளி முறையைக் கண்டுபிடித்தார்கள். வந்த ஒவ்வொரு இரவுக்கும் புள்ளி, பொருளை எடுக்கும்போது புள்ளி கழியும். வருகைக்கே மதிப்பு என்பதால் இது பல ஆண்டு நின்றது. எந்த முறையானாலும் முதல் பொருள் கிடைப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகு எழுதும் விதியை யாரும் நியாயமாகப் பார்ப்பதில்லை.

விளையாட்டுக்கு வெளியே ஓர் இடம்

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. உள் அரட்டையை மட்டும் நம்பிய கில்டுகள் இத்தகைய நாட்களில் ஒருவரை ஒருவர் இழந்துவிடும். அதனால் வெளியே ஒரு சந்திப்பிடம் தேவை. வாட்ஸ்அப் குழு எளிது, ஆனால் முகம் தெரியாதவர்களுக்கு எல்லாருடைய கைப்பேசி எண்ணும் தெரிந்துவிடும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் புனைபெயர் போதும், பதவிவாரியாக அறைகளையும் பிரிக்கலாம். புதியவர்கள் கலந்த குழுவுக்கு டிஸ்கார்டே சரி.

பள்ளி மாணவர்கள் இருந்தால் பொறுப்பு கூடுகிறது. பெரியவர் யாரும் அவர்களோடு தனியாக அழைப்பில் பேச வேண்டாம், குழு அறையிலேயே பேசட்டும். பத்து மணிக்கு அவர்களை அனுப்பிவிடுங்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் யார் கேட்டாலும், லீடரே கேட்டாலும், தரக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். கில்டு பெயரில் பணம் கட்டி ஆடும் ரூம் மேட்ச் நடத்தாதீர்கள். பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025இல் நாடாளுமன்றம் இயற்றியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் போட்டி வேறு.

வருகை குறையத் தொடங்கினால்

மாதம் ஒருமுறை வருகைக் குறிப்பைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் ஆள் போதாமல் ஆட்டம் நின்றால், புதிதாக ஆள் சேர்க்கும் முன் பழையவர்களிடம் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். செமஸ்டர் மாறியிருக்கும், ஒருவருக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கும், குறித்த கிழமை பழசாகியிருக்கும். கிழமையை மாற்றியே பல கில்டுகளைக் காப்பாற்றலாம். ஆறேழு பேர்தான் மிஞ்சினால், அதே நேரத்தில் ஆடும் இன்னொரு சிறிய கில்டோடு பேசி இணைவது நல்ல வழி. இணையும்போது அந்தப் பக்கத்துத் தலைவருக்கு முதல் நாளே கோ-லீடர் கொடுங்கள். அவரை நம்பி வந்தவர்கள் ஆட்டத்தைத் தொடங்கும் முன் முதலில் பார்ப்பது அதைத்தான்.